வரிசைக்கு வரிசை

திராட்சைக் கொடிகளில் ஒரு குலைகூட இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், இடது கையில் மாவுக்கட்டோடு நேராக மலையடிவாரத்துக்கு வந்திருந்தாள் ரோஸ்வித்தா. நேற்று மாலை ட்ரியர் ஆஸ்பத்திரி ஜன்னலில் ஆலங்கட்டி விழுந்து தெறித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவளுக்கு, இங்கே எதைப் பார்க்கப்போகிறோம் என்பது நன்றாகத் தெரியும். கிழிந்த இலை, நசுங்கிய பழம், சிலேட்டுக் கற்களின் மேல் வழிந்த சாறு, அதை மொய்க்கும் குளவிகள். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டுதான் வந்தாள். இலைகள் கிழிந்திருந்தன. சரி. தண்டுகளில் ஆலங்கட்டி அடித்த வெள்ளைத் தழும்புகள் இருந்தன. அதுவும் சரி. பழம் எங்கே? கொடியிலும் இல்லை, தரையிலும் இல்லை. நல்ல கையால் மரக்கழியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசைக்குள் ஏறி, ஒரு காம்பை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

ஆலங்கட்டிக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது.

யாரோ நேற்றுப் பகலில், மழைக்கு முன்னால், அவள் மயக்கமருந்தில் கிடந்த நேரத்தில் வந்து, சாவகாசமாக, ஒன்று விடாமல் அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஜெர்மனியின் மோசல் ஆற்றைப் பார்த்து நிற்கும் அந்தச் செங்குத்துச் சரிவில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு துண்டுதான். ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கழி, ஒவ்வொரு கழியிலும் வளைத்துக் கட்டிய கிளை. டிராக்டர் ஏறாது, மனிதர்களே ஆட்டைப் போலத்தான் ஏற வேண்டும். முன்பெல்லாம் அக்டோபர் மூடுபனியில் கம்பளித் தொப்பியோடு, மூக்கைச் சிந்திக்கொண்டே அறுப்பார்கள். இப்போது செப்டம்பர் முதல் வாரத்திலேயே, கையில்லாத சட்டையில், வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டியிருக்கிறது. போன வருஷம் மேற்குப் பக்கத்துப் பழங்கள் கொடியிலேயே வெந்து பழுப்பாகிவிட்டன. பழம் அவசரப்படுகிறது, ஆட்கள் அவசரப்பட முடியாது. அவள் பேசி வைத்திருந்த போலந்துக்காரர்கள் சனிக்கிழமைக்கு முன்னால் வர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேலே இருந்த தோட்டங்கள் கைவிடப்பட்டுப் பல காலமாகி முள்புதர் மண்டிக் கிடக்கின்றன. ஊரில் சின்ன வயசுக்காரர்கள் வைன் குடிப்பதே குறைந்துவிட்டது. இத்தனை நாளும் பழத்தை வாங்கிக்கொண்டிருந்த கூட்டுறவுச் சங்கமும், அடுத்த வருஷத்திலிருந்து சரிவுப் பழம் வேண்டாம் என்று கையை விரித்துவிட்டது.

ஆகவே இதுதான் கடைசி அறுப்பு என்று முடிவு செய்திருந்தாள். கொடியைச் சும்மா விட்டுவிட்டுப் போகவும் முடியாது, நோய் பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவும். பிப்ரவரியில் வடக்கயிறு கட்டி இழுக்கும் எந்திரத்தோடு ஒருவன் வந்து வேரோடு பிடுங்குவதாகப் பேச்சு, நாள் மட்டும் குறிக்கவில்லை. ஆனால் இந்தக் கடைசிப் பழத்தை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அறுத்த பழமெல்லாம் சங்கத்தின் பொதுத் தொட்டிக்குள் போய்விடும் என்பதால், தன் மலையின் வைனை மட்டும் தனியாக ஒரு வாய்கூட அவள் குடித்ததில்லை. ஒரே ஒரு பீப்பாய். அவள் பெயரில். அதற்காக ஓக் பீப்பாய் ஒன்றைத் தேடிப்பிடித்து, பலகைகள் ஊறி இறுகட்டும் என்று முற்றத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். பறவை வலையை இழுத்துக் கட்டும்போதுதான் சிலேட்டில் கால் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

பீப்பாய் அங்கே ஊறிக்கொண்டிருக்கிறது. பழம் போய்விட்டது.

போலீஸுக்குப் போன் செய்யலாம் என்று செல்போனை எடுத்தபோதுதான் எல்லைக் கழிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பக்கத்து வரிசைகள் ஆல்வினுடையவை. தன் தோட்டத்தில் பார்க்கப்போவதாக நினைத்து வந்த அத்தனையும் அங்கே இருந்தது. நசுங்கிய பழம், வழிந்த சாறு, குளவிகள். ஒரு குலைகூடத் தேறாது.

பக்கத்துப் பழத்தை அப்படியே விட்டுவிட்டு இவளுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் திருடன் யார்?

பாதையில் காலடிச் சத்தம். பொஜேனா வந்துகொண்டிருந்தாள். ஆல்வினிடம் வேலைக்கு வரும் போலந்து ஆட்களுக்குத் தலைவி. இவளைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், முடியவில்லை.

"கை எப்படி இருக்கு முதலாளியம்மா?"

"கை இருக்கு. பழம் எங்க?"

பொஜேனா ஆற்றைப் பார்த்தாள். ஜல்லி ஏற்றிய படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஜெர்மன் அவ்வளவா வராது."

"எத்தனை வருஷமா வர்ற நீ? போன திருவிழாவுல மேயரையே ஜெர்மன்ல திட்டுன."

"திட்டறதுக்கு மட்டும் வரும்." இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்து, துடைத்து, மறுபடி செருகிக்கொண்டாள். "நான் கேட்டேன், இது அந்தம்மா வரிசையாச்சேன்னு. திரும்பத் திரும்பக் கேட்டேன். உனக்கு ஜெர்மன் தெரியாது, வேலையைப் பாருன்னு ஆல்வின் சொல்லிட்டாரு. அப்ப எனக்குத் தெரியாதுன்னுதானே அர்த்தம்? நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

ஆல்வினின் முற்றத்தை ரோஸ்வித்தா மிதித்து மாசக்கணக்கில் ஆகிறது. வசந்தத்தில், கொடிகளைப் பிடுங்கப் போகிறாள் என்ற பேச்சு பரவியதும் அவன் வீடு தேடி வந்தான். பிடுங்காதே, நான் ஆள் அனுப்புகிறேன், உன் வரிசையையும் சேர்த்து அறுத்துக் கொடுக்கிறேன் என்றான். "தர்மம் பண்ண வேற வீடு பாரு" என்று கதவைச் சாத்தினாள். அவள் புருஷன் கைடோ லக்ஸம்பர்கில் மேஜை வேலை கிடைத்து, பிறகு அங்கேயே வேறொருத்தியும் கிடைத்து, மலையையும் இவளையும் ஒன்றாக விட்டுவிட்டுப் போனபோது, ஊரே மூடிபோட்ட பாத்திரத்தில் சூப்பும் முகம் நிறையப் பரிதாபமும் கொண்டுவந்தது. சூப்பைக்கூட மறந்துவிட்டாள், முகங்களை மறக்க முடியவில்லை. ஆல்வின் வந்து போன அன்றே பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மலையேறினாள். எல்லைக் கழிகள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு. ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும் சிவப்பு.

இன்று அவள் அங்கே போய் நின்றபோது, ஆல்வின் ரப்பர் பூட்ஸோடு பிழியும் எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை நிறுத்தவில்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சு ரோஸி. ஆளுங்க எல்லை தாண்டிட்டாங்க."

"எவ்வளவு தாண்டுனாங்க?"

"கொஞ்சம்."

"மொத்தமும் போயிருக்கு ஆல்வின்."

"கொஞ்சம் வேகமான ஆளுங்க."

அந்தச் சரிவில் வேலி கிடையாது. இலைக்குள் தலையை விட்டுக்கொண்டு அறுக்கிறவர்கள் அடுத்தவன் வரிசைக்குள் போய்விடுவது வருஷா வருஷம் எங்காவது நடக்கும். அவர்கள் ஊரான ஏர்லன்பாக்கில் இதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. வரிசைக்கு வரிசை, அவ்வளவுதான். தப்பாக அறுத்தவன் தன் தோட்டத்திலிருந்து அதே அளவு வரிசையைக் கொடுத்துவிட வேண்டும். எது வேண்டும் என்று பறிகொடுத்தவர் கைகாட்டலாம். மன்னிப்பும் கிடையாது, நன்றியும் கிடையாது, பேச்சு அதோடு முடிந்தது.

"சரி. வரிசைக்கு வரிசை. உன் வரிசை எங்க?" என்று கேட்டாள் ரோஸ்வித்தா. கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது. குரல் அவள் நினைத்த அளவுக்கு ஏறவில்லை.

"அதுதான் சிக்கல். அந்தச் சரிவுல இப்ப எங்கிட்ட வரிசை இல்ல. ஆலங்கட்டி அறுத்துட்டுப் போயிருச்சு." குழாயை மூடினான். "அதனால சாறாத் தந்துடறேன். உன்னுது உனக்கு."

நிலவறையின் மூலையில் சின்ன ஸ்டீல் தொட்டி ஒன்று தனியாக நின்றது. வயிற்றில் சாக்பீஸால் அவள் பெயர்.

"நேத்து மத்தியானமே பிழிஞ்சாச்சு. இப்பத் தெளிஞ்சிருக்கும். ஈஸ்ட் போடல. போடறதா, தானாப் பொங்கட்டும்னு விடறதான்னு அது உன் பாடு. நான் எதுலயும் கை வைக்கல."

ரோஸ்வித்தா அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாமல் அறுத்த பழம் என்றால் அவனுடைய பெரிய தொட்டியில் அல்லவா கலந்திருக்கும்? தப்பாக வந்த பழத்துக்காக அறுப்பு அவசரத்தில் எவனாவது எந்திரத்தைக் கழுவித் துடைத்துத் தனியாகப் பிழிவானா? மழை வரப்போகிறது என்று தெரிந்த ஒரு பகல், கையில் ஒரு குழு ஆட்கள், ஒரு பக்கத்தை அறுக்க மட்டுமே நேரம். சிவப்புக் கழிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பொஜேனா கத்தரியோடு நின்று கேட்டிருக்கிறாள். அவன் கைகாட்டியிருக்கிறான். தன் பழத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் காட்டியிருப்பான்.

தொண்டையில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். நன்றி என்று சொன்ன நிமிஷமே அது தப்பு இல்லை, தர்மம் என்று ஆகிவிடும். அவளுக்குக் கொடுக்க ஒரே வழி இதுதான் என்று கண்டுபிடித்து, அதற்காகத் தன்னை முட்டாளாக்கிக்கொண்டு நிற்கிற மனுஷனிடம் போய் அதைச் சொல்லலாமா?

"நான் அடிச்ச சிவப்பு தெரியலையா?"

"வெளுத்துப்போச்சு."

"ஏப்ரல்ல அடிச்சது."

"இந்த வருஷ வெயில் அப்படி."

"கண்ணாடி வாங்கிப் போட்டுக்கோ. அடுத்த தடவை போலீஸ்தான்."

"சரி," என்றான் ஆல்வின். தொட்டிக் குழாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினான். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சுயநலமும் இருக்கு. உன் பக்கம் கொடி போனா முள்ளு நேரா எங்கிட்டதான் வரும். கல்சுவரும் உன் பக்கம் சரிஞ்சா எம்மேலதான் விழும்." கிளாஸை அவள் கையில் கொடுத்தான். "அந்த மலையில சண்டை போடறதுக்கு வேற யாரு இருக்கா? முள்ளுகூடவா போடறது?"

ரோஸ்வித்தா குடித்தாள். முதலில் இனிப்பு வந்தது. அதன் பின்னாலேயே, விடாமல் துரத்திக்கொண்டு, புளிப்பு வந்தது. மழைக்குப் பிறகு சரிவில் ஏறும்போது மூக்கில் ஏறும் ஈரக்கல் வாசனை கடைசியில். இதுவரை யாருடைய பழத்தோடெல்லாமோ கலந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது இதுதானா? இன்னொரு வாய் குடித்தாள். கண் கலங்கியதற்குப் புளிப்பைக் காரணம் காட்டலாம். ஆல்வினும் எந்திரத்தின் பக்கம் திரும்பி, கழுவிய இடத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பொஜேனாவும் இரண்டு ஆட்களும் வந்து, முற்றத்துப் பீப்பாயை உருட்டி ஊறிய தண்ணீரைக் கொட்டினார்கள். பலகைகள் இறுகியிருந்தன. சாறை ஊற்றினார்கள், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஜனவரியில் கையில் கட்டு இல்லை. குளிரில் மட்டும் மணிக்கட்டு தன் இருப்பைச் சொல்லும். அவள் நிலவறையில் பீப்பாய் தானாகப் பொங்கி, தானாக அடங்கி, இப்போது சத்தமில்லாமல் கிடந்தது. கழிகளின் மேல் உறைபனி. ரோஸ்வித்தா கத்தரியை எடுத்துக்கொண்டு மலையேறி, கீழ்க் கோடியிலிருந்து கொடிகளைக் கவாத்து செய்யத் தொடங்கினாள். பழைய கிளையை நீக்கி, வரப்போகும் வருஷத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் விட்டு, வரிசை வரிசையாக. பிடுங்கப்போகிற கொடிக்கு யாரும் கவாத்து செய்வதில்லை. வடக்கயிறுக்காரனுக்கு அவள் இன்னும் போன் செய்யவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பழத்தை வாங்க இன்னும் யாருமில்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

வேலை நகர்ந்து நகர்ந்து சிவப்புக் கழிக்கு வந்தது. கொஞ்சமும் வெளுக்காத சிவப்பு. அவள் அதைத் தாண்டி அடுத்த கொடிக்குப் போனாள். ஆலங்கட்டித் தழும்பு விழுந்த கிளையை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டு, தழும்பில்லாத ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டாள்.

கீழே, சரிவில் கூடைகளை ஏற்றும் ஒற்றைத் தண்டவாள வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஆல்வின் நிமிர்ந்து பார்த்தான்.

"ரோஸி, அது என் வரிசை."

"அப்படியா? குறி சரியாத் தெரியல."

அவன் எண்ணெய்க் குப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டுண்ட கிளைகள் ஒவ்வொன்றாகச் சிலேட்டின் மேல் விழுந்து, சரிவில் கொஞ்சதூரம் வழுக்கி, அவனுடையது எது, அவளுடையது எது என்று தெரியாமல் ஒரே குவியலாகச் சேர்ந்துகொண்டிருந்தன.