அஞ்சு நிமிச ஆபரேசன்

"ரெண்டு மாசத்துக்கு இந்தக் குதிரை மேல ஒரு கிலோகூட ஏத்தக்கூடாது. சம்மதம்னா சொல்லுங்க, அறுக்கிறேன்."

இந்தக் கால்நடைக் கிளினிக்கில் நான் கேட்கவே கூடாதது அது. வேலைக்குச் சேர்ந்த அன்றே விஜயகுமார் டாக்டர் சொல்லிவிட்டார்: "என்ன வேணாலும் கேளு பாண்டீஸ்வரி, தோட்டக்காரங்ககிட்ட ஓய்வு மட்டும் கேட்டுறாத. மறுதடவை இந்தப் பக்கமே வரமாட்டாங்க."

வேலுச்சாமி சிரித்தார். குரங்கணிக்கு மேலே ஜீப்பு ஏறாத சரிவில் ஏலக்காய்த் தோட்டம் அவருக்கு. உரம் ஏறுவதும் காய் இறங்குவதும் குதிரை முதுகில்தான்.

இந்தக் குதிரைக்குப் பின்னங்கால் மூட்டுச்சில்லு ஜவ்வில் மாட்டிக்கொள்கிறது. நின்று கிளம்பினால் கால் கட்டையாக விறைத்துப் பின்னால் இழுபடும். மாட்டுகிற ஜவ்வை அறுத்துவிட்டால் உடனே நடக்கும். டாக்டர் பேர் வாங்கியதே இதில்தான். அறுப்பார், நடக்கும், கூட வந்த கூட்டம் போனில் படம் பிடித்துக் கைதட்டும். மூட்டு ஆறுமுன்னே மறுநாள் மூட்டை ஏறும். பிறகு சில்லு சிதைந்து அந்தக் காலை ஊன்றவே முடியாமல் போகும். அதை எவனும் படம் பிடிப்பதில்லை.

டாக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவர் வலது கையில் மாவுக்கட்டு. அதனால் இன்று கத்தி உதவி டாக்டரான என்னிடம்.

"ஏ ஆத்தா, அறுத்த அன்னைக்கே நடக்கும்ல? நடக்கிறது சுமக்காதாக்கும்?"

"போன சித்திரையில சார் அறுத்தாரே உங்க செவலைக் குதிரை, அது எங்க?"

"அதை வித்தாச்சு."

கயிற்றைப் பிடித்திருந்த அவருடைய குதிரைக்காரர் தவசி அண்ணன் சிரித்துவிட்டார். "மூணு காலுல நிக்கிறதை எவன் வாங்குனான் முதலாளி? குரங்கணி ரோட்டுல பஸ்சை மறிச்சுக்கிட்டு நிக்குதே, அது நம்ம செவலைதான?"

"வாயை மூடுடா." வேலுச்சாமி என் பக்கம் திரும்பினார். "காசிமாயன் மகதான நீ? எங்க தோட்டத்துல மூட்டை தூக்குனவன் மக எனக்குச் சட்டம் போடுறியா?"

"அவரு மகதான். மூட்டு வலின்னு அவரு ஒருநாள் லீவு கேட்டப்ப, நொண்டி நாடகம் போடாதடான்னு சொன்னீங்களாமே. குதிரைக்கு நாடகமெல்லாம் தெரியாது."

"பாண்டீஸ்வரி!" டாக்டர் பல்லைக் கடித்தார். "சரின்னு தலையாட்டிட்டு வெரசா அறு. வெளிய போயி அவரு என்ன செஞ்சா நமக்கென்ன?"

இந்த மனுசனையா நான் ரெண்டு வருசம் சார், சார் என்றேன்?

குதிரைக்கு மூணு வயசுதான். நல்ல தீனி போட்டு, சுமையில்லாமல் தினம் நடத்தினால், தொடைச்சதை ஏறி அறுக்காமலே சரியாகலாம். அறுக்காதவரை அது மலை ஏறாது. ஏறாத குதிரை மேல் எந்த முதலாளியும் மூட்டை வைக்க முடியாது. போடியில் இந்த ஜவ்வை அறுக்கத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருவர் கையில் மாவுக்கட்டு.

"கடைசியா கேக்குறேன். ரெண்டு மாசம்?"

"முடியாது. உன்னால ஆனதைப் பாரு."

பார்த்தேன். கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"தவசி அண்ணே, தினம் வெறுமனே நடத்துங்க, போதும். சார், உங்க கைக்கு நல்லா ஓய்வு கொடுங்க. எலும்பு பாருங்க, அவசரப்படக்கூடாது."

என் பை வாசலிலேயே இருந்தது. இவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று தெரிந்துதான், காலையிலேயே என் சாமான்களை எல்லாம் அதில் எடுத்து வைத்திருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.