ஜெஃப்ரிக்காகச் சொன்ன வார்த்தை

பிறந்து மூன்றே வாரமான மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து ஜெஃப்ரி அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவன் அம்மா தெரேசா வேறு வழி தெரியாமல் பிலோமினாவை வரச்சொன்னாள்.

“நீங்க சொன்னா கேப்பான் லா, அக்கா. நீங்கதானே அவனோட ஞானத்தாய்.”

ஞானத்தாயாம்! புருஷன் செத்த இந்த நாலு வருஷமாகப் பிலோமினா பூசையில் வாயை மட்டும்தான் அசைக்கிறாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸைப் பிடித்து வந்து, அவன் அறைக்கதவின் முன் நின்றாள்.

“ஐயா, ஆன்ட்டி வந்திருக்கேன். கதவைத் திற.”

கதவுக்கு உள்ளேயிருந்து ஜெஃப்ரியின் குரல் கேட்டது. “எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப, பாதர் கேட்டதுக்கெல்லாம் நீங்கதானே ஆன்ட்டி எனக்காக ‘விசுவசிக்கிறேன்’னு சொன்னீங்க?”

“ஆமாய்யா. கைக்குழந்தை நீ, உனக்குப் பேச்சு ஏது?”

“இப்ப உங்களுக்காக ஒரு தடவை சொல்லுங்க. திறந்துடுறேன்.”

தாழ்ப்பாள் பாதி நகரும் சத்தம் கேட்டது. தெரேசா கையைக் கூப்பிக்கொண்டு பிலோமினாவின் வாயையே பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன் கோயில் முழுக்கக் கேட்கும்படி மூன்று தடவை சொன்ன வார்த்தைதான். பொய்யாகவாவது சொல்லித் தொலைக்கலாம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

தாழ்ப்பாள் பழைய இடத்துக்கே போனது.