ட்ரிபிள் டூவுக்கு ஓர் அச்சு

"கழுத்து அச்சா, முழு அச்சா?" என்று கேட்டபடி துப்பாக்கிக் கடைக்காரன் டெல்மர் இரண்டு டப்பாக்களையும் கண்ணாடி மேசைமேல் அருகருகே வைத்தான். மார்லிஸ் கடை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பிக்கப் வண்டிக்குள் அவள் கணவன் வெர்லின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கின்சன் வந்த பிறகு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாடு என்பதால் அவன் கடைக்குள் வருவதில்லை. வராவிட்டால் என்ன, உத்தரவு முன்னாலேயே வந்துவிடும். "ட்ரிபிள் டூ துப்பாக்கிக்குக் கழுத்து அச்சு. டெல்மர் வேற எதையாவது தலையில கட்டப்பாப்பான், ஏமாந்துடாத" என்று வீட்டில் ஒரு தரம், பாதி வழியில் ஒரு தரம், கடை வாசலில் ஒரு தரம் சொல்லியாயிற்று. சுட்ட கூடுகளை மறுபடி நிரப்புவதற்காக இறுக்கிக் கொடுக்கும் பழைய அச்சுக்குள் கீறல் விழுந்து ஒவ்வொரு கூட்டையும் சுரண்டிக்கொண்டிருந்தது. புதிது வாங்கியே தீரவேண்டும்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை எவ்வளவோ அவ்வளவுக்கு உப்பிவிடும். கழுத்து அச்சில் கொடுத்தால் குண்டைப் பிடிக்கும் கழுத்து மட்டும் இறுகும், உடம்பு உப்பினபடியே இருக்கும். அடுத்த தரம் அந்தத் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்காரும், முந்நூறு கஜத்தில் நிற்கும் பிரெய்ரி நாய் தப்பாது என்பது வெர்லினின் நாற்பது வருஷத்து வேதம். பேர்தான் நாய், ஜாதி அணில். மேய்ச்சல் நிலம் முழுக்கப் பொந்து தோண்டி மாட்டுக் காலை ஒடிக்கிற ஜாதி. வேதத்தில் ஒரு வம்பு இருந்தது. ஏழெட்டுத் தரம் சுட்டபின் கூடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடுகிற போல்ட், மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பழைய வெர்லினுக்கு அது உள்ளங்கையால் ஒரு தட்டு. இப்போதுள்ள கைக்கு அந்தத் தெம்பு இல்லை. துப்பாக்கியில் கன்னம் பதிந்ததும் நடுக்கம் என்னவோ நின்றுவிடுகிறது, விரல் விசையைச் சரியாகத்தான் இழுக்கிறது. போல்ட்டை அமுக்கத்தான் ஆள் வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஆள் மார்லிஸ். கூட்டைச் சீராக்கி, கேப் வைத்து, மருந்து அளந்து, குண்டு பொருத்துவதும் அவள்தான். காற்றில் அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை அமுக்குவதும் அவள்தான். "மார்லிஸ்!" என்பான். கன்னத்தைக்கூட எடுக்கமாட்டான்.

ஸ்போக்கேனில் மகள் ஜோலீனுக்கு ஜூன் மாதம் பிரசவம், இரட்டைக் குழந்தை. ஆறு வாரம் வந்து இரும்மா என்று போனில் அழுதாள். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. பக்கத்துப் பண்ணை கார்லா சாப்பாடும் மாத்திரையும் பார்த்துக்கொள்வாள், அவள் புருஷன் தினம் காலையில் வெர்லினைக் கொண்டுபோய்த் துப்பாக்கியோடு மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். வெர்லின் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. "போயிட்டு வா, யாரு வேணாம்னா? போல்ட்டை என்ன, மாடா வந்து அமுக்கும்? பரவால்ல, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்பான். இப்படிப் பரவால்ல பரவால்ல என்றே இதற்கு முன் இரண்டு டிக்கெட்டைக் கிழிக்க வைத்தவன் அவன்.

"முழு அச்சுன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"கூட்டோட தோளையும் சேத்து ஒரு மயிரிழை பின்னால தள்ளிடும். போல்ட் வெண்ணெய் மாதிரி மூடும். ஆனா ஒவ்வொரு கூட்டுக்கும் மெழுகு தடவணும், அப்புறம் துடைக்கணும். மறந்தீங்கன்னா கூடு உள்ளயே சிக்கிக்கும். உங்களுக்கு ரெட்டை வேலை."

"குறி தப்புமா?"

"அவரு தப்பும்பாரு. நாய்க்கு வித்தியாசம் தெரியாது."

வண்டியில் ஏறியதும் வெர்லின் கேட்டான்: "கழுத்து அச்சுதானே?"

"நீ சொன்னதத்தான் வாங்கினேன்" என்றாள். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் தூங்கும் மத்தியானங்களில் கீழறையில் உட்கார்ந்து நானூறு கூடுகளை முடித்தாள். தடவி, அழுத்தி, துடைத்து, மறுபடி தடவி. அவசரத்தில் மெழுகு படாத ஒரு கூடு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. நெம்பினாள், அடிவிளிம்பு கிழிந்ததே தவிரக் கூடு அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பித்தளைக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு துளைபோட்டுத் திருகாணி ஏற்றி அதை இழுத்து எடுத்தாள், மீதியை முடித்து எல்லாவற்றையும் தோட்டாவாக்கினாள். ஆறு வாரத்துக்குத் தாராளமாகப் போதும்.

புதன்கிழமை காலை மேய்ச்சல் நிலத்தில் அவனைச் சுடும் மேசையில் உட்காரவைத்துவிட்டு, காப்பி ஊற்றுகிறேன் என்று வண்டியருகிலேயே நின்றுகொண்டாள். அவன் தோட்டாவை உள்ளே தள்ளினான். போல்ட்டில் கைவைத்துக்கொண்டே "மார்..." என்று வாயெடுத்தான். போல்ட் தானாகக் கீழே போய் உட்கார்ந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். பிறகு சுட்டான். தூரத்தில் மண் எழும்பியது, மேட்டில் நின்ற நாய் இல்லை. இரண்டாவதையும் அவனே மூடினான், மூன்றாவதையும். இரண்டு விரல்தான் பட்டது. நான்காவது வெடித்தபோது மார்லிஸின் கையில் காப்பி தளும்பிச் சுட்டது, அவளுக்கு உறைக்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருபது அடி இருந்தது. சந்தோஷத்தில் சத்தம்போட்டுச் சிரித்துவிடுவோமோ என்று பயந்தாள்.

வெர்லின் திரும்பி அவளைப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று நினைத்தாள். கோபம் இல்லை. கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளை மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஐந்தாவது தோட்டாவைப் போட்டு போல்ட்டை முன்னால் தள்ளினான், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மார்லிஸ்! இது மூடமாட்டேங்குது."

அவள் நடந்து போனாள். இருபது அடி சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"இறுகிடுச்சு பாரு. வந்து அமுக்கு."

சுண்டுவிரலை வைத்தாள். பட்டதும் போல்ட் பாதிவரை நழுவி இறங்கியது. விரலை எடுத்துவிட்டாள். அவன் கன்னம் துப்பாக்கியில் பதிந்திருந்தது, ஆனால் அதன்மேல் இருந்த தொலைநோக்கியில் வைத்த கண் இறுக மூடியிருந்தது. மடியில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அமுக்கேன், மார்லிஸ்" என்றான் மெதுவாக.

கோட்டுப் பைக்குள் டிக்கெட் மடிப்பு அவள் கையில் தட்டுப்பட்டது. எதிர்மேட்டில் ஒரு பிரெய்ரி நாய் பொந்து வாயில் நிமிர்ந்து, முன்கால்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு இவர்கள் பக்கமே பார்த்து நின்றது. போல்ட் பாதியில் இருந்தது.