படம் அசையாத வாரம்

கணவனும் மனைவியும் ஒரே நுண்ணோக்கியில் வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பாள்.

அந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கி கட்டடத்தின் அடித்தளத்தில், தனி அறையில் இருந்தது. அதற்குள் மெல்லிய கண்ணாடிப் படலத்தை வைத்து, அதன் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று படம் எடுக்க வேண்டும். மூன்று வருடமாக அவள் உயிரைக் கொடுத்து உழைப்பது இதற்குத்தான். யாராவது பேசினால் அந்தச் சத்தத்துக்கே படம் அசைந்துவிடும். அவள் கணவனுக்கோ வாய் மூடாது. "சரி, இனிமே பேசவே மாட்டேன்" என்பான். ஏன் பேசமாட்டான் என்று விளக்க ஆரம்பிப்பான். வெளியே அனுப்பவும் வழியில்லை. ஒருவர் குவியத்தைப் பிடிக்க, இன்னொருவர் படமெடுக்க, இரண்டு பேர் வேண்டும்.

போன வாரம் அவள் தம்பி வீட்டில், எல்லார் முன்னாலும், கணவன் "இவளுக்கு இந்த வேலையே நான் சொல்லித்தான் கிடைச்சுது" என்று அளந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சில்லை, இங்கேயும் பேச்சில்லை. முதன்முறையாகப் படம் துல்லியமாக வந்தது. ஐந்து அணு சேர்ந்து ஒரு வளையம், பக்கத்திலேயே ஏழு சேர்ந்து இன்னொன்று, எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒரே வேனில் ஏறிய சொந்தக்காரர்கள் மாதிரி.

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "இன்னொரு இடத்துலயும் இதே மாதிரி எடுத்துடும்மா. ஒண்ணை மட்டும் காட்டினா யாரும் நம்பமாட்டாங்க. இன்னிக்கு சாயங்காலத்தோட இந்தக் கருவியில நம்ம முறை முடியுது."

மதியம் சாப்பிடும்போது கணவன் சமாதானத்துக்கு இறங்கிவந்தான். "தப்பு என்மேலதான்." இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள், மனசு குளிர்ந்துபோனது. சந்தோஷத்தில் அவன் பேச ஆரம்பித்தான். சாப்பிட்டு வந்து எடுத்த படமெல்லாம் அசைந்தது.

கெஞ்சிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"சண்டை போட்ட இந்த ஒரு வாரம்தாங்க நான் நிம்மதியா இருந்தேன்."

அவன் வாயடைத்துப்போனான். படம் வந்தது, முந்தையதைவிடத் துல்லியமாக.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான். "படத்துக்காகத்தானே அப்படிச் சொன்னே?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவளும் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

அறையில் சத்தமே இல்லை. திரையில் அணுக்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. இன்னொரு படமும் எடுத்துக்கொண்டாள்.