கேட்டதை மட்டும்

வள்ளித்தாய் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. விடிந்ததும் ஊர்க் கண்மாய்க்குப் போவாள். கரையிலுள்ள கருவேல மரத்தடியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, காதில் விழுந்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள். ‘கௌதாரி மூன்று தரம் கூப்பிட்டது. பதில் இல்லை.’ ‘பனையோலையில் காற்று. மழை மாதிரி இருந்தது, மழை இல்லை.’ இப்படி இரண்டு வரி, மூன்று வரி. அதற்கப்புறம்தான் தூக்குச்சட்டியோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுவாள்.

பதினொரு வருஷப் பழக்கம். காட்டில் விதைப்பு, அறுப்பு வேலை அற்றுப்போய்க் கம்பெனிக்குப் போன முதல் நாள், வெடிமருந்து நெடியில் தலை சுற்றி உட்கார்ந்திருந்தபோது வெளியே ஒரு செம்போத்து கத்தியது. வீட்டுக்கு வந்து, கட்டிக்கொடுத்துப் போன மகளின் பழைய நோட்டில் அதை எழுதினாள். எழுதும்போது உடம்பு சிலிர்த்தது. தீபாராதனை பார்த்த மாதிரி கண் நிறைந்தது. அன்றைக்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள்: கேட்டதை மட்டும்தான் எழுத வேண்டும். கேட்காததை எழுதினால் சாமியிடம் பொய் சொன்ன மாதிரி.

மாசி மாதம் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தது. வள்ளித்தாயைச் சுவரில் தூக்கி அடித்தது. அந்த அறைக்குள் இருந்தவள் குருவம்மாள், இவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. அங்கே லோடு ஏற்றிக்கொண்டிருந்த முனியராஜ், வள்ளித்தாயின் புருஷன், தீக்குள் ஓடிக் குருவம்மாளை வெளியே தூக்கிவந்தான். அவள் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வள்ளித்தாய்க்கு ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: ‘காது நரம்பு போய்விட்டது. இனிக் கேட்காது.’

வீடு திரும்பிய மறுநாள் விடியற்காலையில் அவள் கண்மாய்க்குத்தான் போனாள். ஓர் ஆள்காட்டிக் குருவி அவள் தலைக்கு மேலேயே சுற்றியது. அலகு திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை. பென்சில் நகரவில்லை. ஒன்பது நாள் போனாள். ஒன்பது நாளும் பக்கம் வெறுமையாகவே கிடந்தது.

பத்தாம் நாள் நோட்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டாள். முனியராஜ் பதறி ஓடிவந்து வெறுங்கையால் இழுத்தான். பாதி கருகிப் போயிருந்தன.

“எடுக்காதீக! யாருக்கு வேணும் இது? என் சாமி செத்துப் போச்சு!” என்று கத்தினாள். தான் எம்புட்டு சத்தமாகக் கத்துகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. தெருவே கூடிவிட்டது. இரண்டு உள்ளங்கையாலும் காதில் அறைந்துகொண்டு அழுதவளைப் பெண்கள் நாலு பேர் பிடித்துப் படுக்க வைத்தார்கள்.

அதற்கப்புறம் அவள் வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்தே கிடந்தாள். கம்பெனியைப் பூட்டிவிட்டதால் முனியராஜ் விருதுநகரில் மிளகாய் வத்தல் சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்கு மூட்டை தூக்கப் போனான். அவள் தின்ற சோறு அவன் வந்து ஊட்டிய சோறுதான்.

வைகாசியில் ஒரு நாள் காலை அவன் அவளை உட்காரவைத்து, புது நோட்டு ஒன்றை அவள் மடியில் வைத்தான். அஞ்சாவது வரை படித்தவனின் கோணல் எழுத்து: ‘இன்னைக்கு குயில் கூவுச்சு. கண்மாயில தவள கத்துச்சு.’

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வள்ளித்தாய் வாசித்தாள். கண்மாய் பங்குனியிலேயே, அவள் போன அந்த ஒன்பது நாளிலேயே, வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதில் ஏது தவளை?

“நீங்க கண்மாய்க்குப் போனீகளா?”

ஆமாம் என்று தலையாட்டினான்.

“பொய்! காது போனவதானே, என்னத்தையும் எழுதலாம்னு நினைச்சீகளோ? இதுல பொய் எழுதக்கூடாதுய்யா! இது ஒன்னுதான் என்கிட்ட இருந்துச்சு!” எழுந்து அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். இரண்டு மாதத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் எழுந்து நின்றாள்.

முனியராஜ் குத்து வாங்கிக்கொண்டே நின்றான். பிறகு நோட்டை வாங்கித் தரையில் உட்கார்ந்து எழுதினான். வெகுநேரம் பிடித்தது.

‘போனேன். கண்ண மூடுனா குருவம்மாக்கா கத்துறது கேக்கு. வேற ஒன்னும் கேக்கல. ஓடி வந்துட்டேன்.’

அவன் தோள் குலுங்குவதை அப்போதுதான் கவனித்தாள். காது கேட்கிறவனுக்கு என்ன குறை என்று இத்தனை நாளும் இருந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தினமுமா?”

“ஆமா” என்று அவன் வாய் அசைந்தது.

அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். தவளை வரியை அடித்தாள். குயில் வரியையும் அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: ‘கண்மாய் காய்ந்து கிடக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவருக்குக் குருவம்மாக்கா கத்துவது கேட்கிறது.’

சிலிர்ப்பு எதுவும் வரவில்லை. ஆனாலும் எழுத்து வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் கண்மாய்க்குப் போனார்கள். அவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்திலேயே திறந்துவிட்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதையும் எழுதினாள்.