இருநூற்றுப் பதினான்காம் ஷாட்டின் முகம்

நிரசாவா அழகான முகம் வரைவார். இதை அவருடைய எதிரிகளே ஒத்துக்கொள்வார்கள். எதிரிகள் என்று அந்த அனிமேஷன் ஸ்டூடியோவில் ஐந்தாறு பேர் தேறும். கதையில் ஒரு பெண் வாள்வெட்டு பட்டு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாலும், அவர் பென்சில் பட்டால் இமை கலையாமல், உதடு லேசாக ஈரமாக, இப்போதுதான் அழகு நிலையத்திலிருந்து வெளியே வந்தவள் மாதிரி விழுவாள். அந்தக் கைக்காகத்தான் அவரைத் தொடர் முழுவதுக்கும் தலைமைத் திருத்துநராக வைத்திருந்தார்கள். பொம்மைக் கம்பெனிக்காரர்களுக்கு அவரென்றால் உயிர்.

மபுச்சி சிகுசாவுக்கு அவரென்றால் அன்றைக்கு, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பற்றிக்கொண்டு வந்தது.

இகுசாவில் ரயில்வே கேட்டை ஒட்டிய கட்டடம் அது. கீழே பல் டாக்டர், மேலே இரண்டு மாடி ஸ்டூடியோ. யார் பெரியவர் என்பதை அங்கே தாளின் நிறம் சொல்லிவிடும். ஓவியர்கள் வரைவது வெள்ளைத் தாளில். அந்த எபிசோடுக்குப் பொறுப்பான திருத்துநர் அதன்மேல் மஞ்சள் தாளை வைத்துத் திருத்துவார். அதற்கும் மேலே தலைமைத் திருத்துநரின் இளஞ்சிவப்புத் தாள். ஒரு ஷாட்டுக்கு ஓர் உறை; எல்லாத் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் போகும். கீழே யார் உயிரை விட்டு வரைந்திருந்தாலும் சரி, மேலே கிடக்கிற தாள்தான் திரைக்குப் போகும். எவர் வரைந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நிறத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஒன்பதாம் எபிசோடுக்கு மஞ்சள் தாள் சிகுசாவுடையது. இருபத்திரண்டு வருட அனுபவம். கதாநாயகி ஒரிஹா, தான் தகப்பன் மாதிரி நம்பியிருந்த தளபதிதான் தன் ஊருக்குத் தீ வைத்தவன் என்று தெரிந்துகொள்கிற எபிசோடு அது. இருநூற்றுப் பதினான்காம் ஷாட், மூன்றே விநாடி: அவள் திரும்பிப் பார்க்கிறாள். ஷாட்டுகளை முன்கூட்டியே வரைந்துவைக்கும் காட்சிப் பலகையில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: கோபம்.

அதற்காகச் சிகுசா ஒன்பது நாள் தன் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லார் மேஜையிலும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். முகபாவம் வரைய வேண்டுமென்றால் முதலில் தான் அந்த முகத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். எதை நினைத்து அந்தக் கோபத்தை வரவழைத்தாள் என்பதற்கு ஸ்டூடியோவில் பல கதை உண்டு. விவாகரத்தான புருஷன் என்றார்கள். தாயாரின் ஈமச்சடங்கு நடந்த மண்டபத்துக்கே போன் போட்டு "பதினெட்டாம் ஷாட் எப்ப வரும்?" என்று கேட்ட தயாரிப்பாளர் என்றும் சொன்னார்கள். அவளே எதுவும் சொன்னதில்லை. ஆனால் வந்து விழுந்த முகம் என்ன முகம்! மூக்கு சுருங்கி, ஒரு பக்கம் பல் தெரிந்து, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து, பார்த்தால் ஒரு எட்டுப் பின்னால் போகத் தோன்றும்.

அந்த உறையைத்தான் அன்று திறந்து பார்த்தாள். மேலே இளஞ்சிவப்பு. அதில் ஒரிஹா, கண்ணோரம் ஒரு துளி நீரோடு, புருவத்தை மட்டும் கொஞ்சம் நெரித்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். ஐஸ்கிரீம் கிடைக்காதவள் மாதிரி.

சிகுசா உறையோடு நேரே நிரசாவாவின் தடுப்புக்குள் போய் நின்றாள்.

"இது யாருங்க?"

அவர் சோற்று உருண்டையின் கடற்பாசித் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒரிஹா. ஏன், அடையாளம் தெரியலையா?"

"இவ ஊரையே ஒருத்தன் எரிச்சுட்டான். இவளை வளர்த்தவன். அப்பவும் இவ அழகா இருக்கணுமா?"

"மபுச்சி சான், நீங்க வரைஞ்சது பிரமாதம். ஆனா அந்த முகத்தை அலமாரியில வைக்க யாராவது பொம்மையா வாங்குவாங்களா?"

"நான் பொம்மை வரையல."

"கோபப்பட்டாலும் அழகாக் கோபப்படலாமே!"

"எங்க, நீங்க பட்டுக் காட்டுங்க பாப்போம்."

நிரசாவா சிரித்தார். அவர் சிரிப்பும் அழகாகத்தான் இருக்கும். "மத்தியானம் பொட்டலம் கிளம்பிடும். முத்திரை குத்தியாச்சு. விடுங்க" என்று உருண்டையைக் கடித்தார்.

சிகுசா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பென்சிலைக் கூராக்கினாள். அது உடைந்தது. மறுபடி கூராக்கினாள். பிறகு எழுந்து, எல்லாருக்கும் பொதுவான எழுதுபொருள் அலமாரிக்குப் போய், ஓர் இளஞ்சிவப்புத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த நிறத்தைத் தொட்டதில்லை. போலீஸ்காரனின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வது போன்ற காரியம் அது. அலமாரிக்குப் பூட்டுகூடக் கிடையாது. யாராவது எடுப்பார்கள் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வந்ததில்லை. நிரசாவாவின் தாளை உருவிப்போட்டுவிட்டு, தன் முகத்தை இளஞ்சிவப்பில் மறுபடி வரைந்தாள். மூன்று தாள். முதல் தடவை ஒன்பது நாள் எடுத்தது, இப்போது நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை கண்ணாடி தேவைப்படவில்லை.

உறைகளைச் சேகரித்து அனுப்புகிற வகுய் என்ற பெண் அப்போதுதான் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றாள். முப்பத்தாறு வயது, வாய் மட்டும் ஓயாது. சிகுசா கையில் இளஞ்சிவப்பைப் பார்த்ததும் அந்த வாயும் நின்றுவிட்டது.

"மபுச்சி சான்... அது..."

"பொட்டலத்தைக் கட்டு."

வகுய் கட்டினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதாவது, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான், பெரியவர்கள் காதுக்கு மட்டும் எட்டாமல், ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில், முடிந்த எபிசோடை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரிஹா திரும்பிய மூன்று விநாடியில் அறை மூச்சுவிட மறந்தது. விளக்குப் போட்டதும் தயாரிப்பாளர் ஹொரிகோமே துள்ளி எழுந்தார். முந்தின மாதம்தான் 'முகங்கள் அழகாக இருக்கட்டும்' என்று சுற்றறிக்கை விட்ட அதே மனிதர்.

"நிரசாவா சான்! இதுதாங்க தலைமை! உங்களுக்குள்ள இப்படி ஒரு பேய் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை!"

நிரசாவா திரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம்... துணிஞ்சு பாத்தேன்" என்றார்.

சிகுசாவின் கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கிக் காப்பி மடியில் வழிந்தது. எழுந்தவளின் தோளை வகுய் பின்னாலிருந்து அழுத்தினாள்.

"உக்காருங்க! ஒளிபரப்புக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இப்ப சொன்னீங்கன்னா, தலைமையோட தாளைத் திருடி வரைஞ்சதுன்னு முகத்தை மாத்திடுவாங்க. முகம் வேணுமா, பேர் வேணுமா?"

சிகுசா உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தது அவளுக்கு அன்று முழுதும் எரிந்தது.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எபிசோடு ஒளிபரப்பானது. ஆறு மணிக்கெல்லாம் அந்த முகம் எல்லார் போனிலும் இருந்தது. நிரசாவா, நிரசாவா என்று ஒரே புகழ். இரண்டு வாரம் கழித்து ஒரு பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. கடையில் நின்றுகொண்டே சிகுசா படித்தாள். 'அந்தக் கோபம் பல வருடமாக எனக்குள்ளே உறங்கிக்கொண்டிருந்தது' என்று சொல்லியிருந்தார். பத்திரிகையை, கிழிப்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கினாள். வழவழப்பான தாள், லேசில் கிழியவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அந்தப் புதன்கிழமைதான் நிரசாவாவே அவள் மேஜைக்கு வந்தார். கையில் இளஞ்சிவப்புத் தாள் கட்டு. குரல் இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை நகானோவுல ரசிகர் கூட்டம். முந்நூறு பேர். மேடையிலேயே கேமரா முன்னால வரையணுமாம். பத்து நிமிஷம்."

"நல்லா வரைஞ்சுட்டு வாங்க."

"அந்த முகத்தைத்தான் கேக்கறாங்க."

"உங்க முகம்தானே அது?"

"மபுச்சி சான்..." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "அடியில தாளை வச்சு நகலெடுக்க வருது. சும்மா வரைஞ்சா கை தானா அழகாப் போயிடுது. எந்தக் கோட்டுல ஆரம்பிக்கறீங்கன்னு மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

"என்னோடதுன்னு எப்பத் தெரியும்?"

"திரையில பார்த்த அன்னிக்கே."

சிகுசா பென்சிலைக் கீழே வைத்தாள். அவர் அவசரமாகச் சொன்னார்: "நான் இல்லைன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே மாத்தியிருப்பாங்க. நான் ஆமான்னு தலையாட்டினதாலதான் அது பொழைச்சுது. அதையும் நினைச்சுப் பாருங்க."

இதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவள் சும்மாகூட இருந்திருப்பாள்.

"பேட்டியில பல வருஷக் கோபம்னு சொன்னீங்களே, அதையும் அந்த முகம் பொழைக்கத்தான் சொன்னீங்களோ?"

நிரசாவா கையிலிருந்த தாள் கட்டை அவள் மேஜைமேல் வைத்தார்.

"எங்க அம்மாவைத் தகனத்துக்கு எடுத்துட்டுப் போற நேரத்துல போன் பண்ணினாங்க. இருபது நிமிஷம் பதினெட்டாம் ஷாட்டைப் பத்திப் பேசினேன். மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன், நான்! அந்தக் கோபம் எந்தக் கோட்டுல ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கு வரைஞ்சு காட்டணுமா?" அவள் மேஜையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து அவருடைய தாள் கட்டின்மேல் பட்டென்று வைத்தாள். "இந்தாங்க. இதுல தேடுங்க. கிடைச்சா வரைங்க."

மூன்று நாளும் அவருடைய தடுப்புக்குள்ளிருந்து உறுமல் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தவர்கள், பல்வலிக்காரர் கீழே டாக்டரிடம் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது என்றார்கள்.

சனிக்கிழமை சிகுசா போகவில்லை. பன்னிரண்டாம் எபிசோடின் உறைகளோடு மேஜையிலேயே இருந்தாள். நாலரை மணிக்கு வகுய் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"மூணு தடவை வரைஞ்சாரு. மூணும் பொம்மை! முன் வரிசையில ஒரிஹா அங்கி போட்டுக்கிட்டு ஒரு அம்மா. 'ஐயா, அந்த முகத்துல பல்லு இப்படி வரிசையா இருக்காதே'ன்னுட்டாங்க. மனுஷன் பென்சிலைக் கீழ வச்சுட்டாரு. உங்க கண்ணாடியை எடுத்துப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் மைக்கை எடுத்து, 'அதை நான் வரையலை. மபுச்சி சிகுசா வரைஞ்சாங்க. நான் அழகாக்கித்தான் அனுப்பினேன். அவங்க என் தாளைத் தூக்கிப்போட்டுட்டாங்க'ன்னு சொல்லிட்டாரு!"

சிகுசா போனை இறுகப் பிடித்தாள். "ஹொரிகோமே?"

"பக்கத்துலதான் நின்னாரு. முகம் வெளுத்துப்போச்சு. ஆனா முந்நூறு பேர் 'முகத்தை மாத்தாதீங்க'ன்னு கத்தறாங்களே, என்ன செய்வாரு? விக்கப்போற டிஸ்க்ல அதே முகம் இருக்கும், பேரும் இருக்கும்னு மைக்லயே சொல்லிட்டாரு. கேட்டீங்களா? ரெண்டுமே!"

போனுக்குப் பின்னால் கைதட்டல் அலை அலையாகக் கேட்டது.

"இப்ப யாருக்குக் கைதட்டறாங்க?" என்றாள் சிகுசா.

வகுய் தயங்கினாள். "அது வந்து... நிரசாவா சானுக்குத்தான். எவ்வளவு பெருந்தன்மைன்னு பக்கத்துல ஒருத்தர் அழறாரு."

இந்தப் பக்கம் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வகுய்க்குப் பயம் வந்துவிட்டது.

"மபுச்சி சான்? இருக்கீங்களா? கோவமா?"

"என் கண்ணாடியை வாங்கிட்டு வா" என்றாள் சிகுசா. மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துச் சமன் செய்தாள். "பன்னிரண்டாவதுல இன்னொரு கோபம் இருக்கு. அவர் மேடையை விட்டு இறங்கினதுமே வாங்கிட்டு வா, எனக்கு இது ஆறறதுக்குள்ள."