இடதுபக்கப் பின்சக்கரம்

தண்டையார்பேட்டையில் தவ்ஃபீக்கின் கார் ரிப்பேர் ஷெட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் "பாய் கீறாரா?" என்று கேட்பார்கள். இரண்டு வருடமாக "அக்கா இல்லியா?" என்கிறார்கள்.

அக்கா என்பது அவன் மனைவி ரூபினா. கல்யாணத்துக்கு முன் வண்ணாரப்பேட்டையில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்தவள். ஷெட்டில் அந்த வேலை செய்த ஆள் துபாய்க்குப் போனபோது, ஒரு வாரத்துக்கு என்று வந்து நின்றாள். அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் தவ்ஃபீக்குக்குப் பொறுக்கவில்லை. ஒன்றிரண்டு தப்பாகச் சொல்லியிருந்தால் அவளிடம் இன்னும் பிரியமாக இருந்திருப்பான்.

அக்டோபர் மழையில் அருள்நாதன் தன் வண்டியோடு வந்தான். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். வண்டி இரண்டே சீட் உள்ள வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில்.

"ஆக்சிலேட்டர மிதிச்சா பின்பக்கம் ஒரு பக்கமா தள்ளுது பாய், கால எடுத்தா இன்னொரு பக்கம். டொக்குனு ஒரு சத்தம் வேற. ரெண்டு ஷெட்டுல ஷாக் அப்சர்பர் மாத்திட்டேன், போவல."

இந்த வண்டியை ரூபினா தொடக்கூடாது என்று தவ்ஃபீக் அப்போதே முடிவு செய்துவிட்டான். இரண்டு நாள் அவனே அதன் அடியில் கிடந்தான். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான், பேரிங் பார்த்தான், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு ஆர்மையும் கடப்பாரையால் நெம்பினான். இடதுபக்க ஆர்மில் ஒரு ரப்பர் புஷ் தளர்ந்திருந்தது, மாற்றினான். ஓட்டிப் பார்த்தால் சத்தம் அப்படியே இருந்தது.

கடைசியில் வண்டி அலைன்மென்ட் மெஷின் மேல் ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. ரூபினா சக்கரங்களின் கோண அளவு பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு குனிந்து இடதுபக்கப் பின்டயரின் உள்விளிம்பைத் தடவினாள். அங்கே மட்டும் தேய்ந்திருந்தது.

"நிக்கும்போது சரியா கீது. ஓடும்போது சக்கரம் திரும்புது," என்றாள். "ஆர்ம் எல்லாம் நல்லா கீதுன்னா, அதெல்லாம் மாட்டிகினு கீற கிராஸ் மெம்பரே ஆடுதோ இன்னாவோ. நீங்க மெஷினுக்கு அடியில கீற பள்ளத்துல எறங்கிப் பாருங்க. நான் பிரேக்க அமுக்கிகினு கிளட்ச்ச கொஞ்சம் விடுறேன்."

கிராஸ் மெம்பரைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. பின்பக்கப் பாரம் முழுவதையும் தாங்கி, நான்கு ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கனமான இரும்புச் சட்டம் ஆடும் என்று யார் நினைப்பார்கள்?

டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினான். அவள் முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டாள். சட்டத்தின் இடதுபக்க மூலை ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்தது. ரிவர்ஸ் போட்டாள். டொக் என்று பின்னால் போனது. ரப்பர் சுற்றிலும் கிழிந்திருந்தது.

"இன்னாங்க, ஆடுதா?"

"ஒண்ணும் ஆடல," என்றான் தவ்ஃபீக்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. மேலே ஏறி வந்தபோது அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "சரி," என்று மட்டும் சொன்னாள். புது புஷ் படிந்ததும் சரியாகிவிடும் என்று சொல்லி வண்டியை அருள்நாதனிடம் அனுப்பினான்.

மூன்றாம் நாள் அருள்நாதன் திரும்பி வந்தான், மீட்பு வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு. எண்ணூர் ரோட்டில் மழைத் தண்ணீரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி சுழன்று, கன்டெய்னர் டிரெய்லருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

ரூபினா டார்ச்சை எடுத்துவந்து கணவனிடம் நீட்டினாள். "இன்னொரு வாட்டி பாருங்க."

அவன் இறங்கினான். இந்த முறை பார்க்க வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏறி வந்து, "கிராஸ் மெம்பர் புஷ்ஷு கிழிஞ்சி கீது சார்," என்றான்.

"சூப்பர் பாய். ரெண்டு ஷெட்டுல கண்டுபிடிக்கல, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

இரண்டு வருடமாக அவன் ஏங்கிய பேச்சு அது. ரூபினா மெஷின் பக்கம் திரும்பி ஏதோ வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் மறுத்துச் சொல்லப்போவதில்லை.

"நான் இல்ல சார். அவ அன்னிக்கே சொன்னா. நான் கண்ணால பார்த்துட்டு இல்லன்னுட்டேன்."

அருள்நாதன் திட்டவில்லை. அதற்குப் பிறகு வேலை முடியும் வரைக்கும் அவனோடு பேசவும் இல்லை. புஷ் எப்போது வரும், எவ்வளவு ஆகும், எல்லாவற்றையும் "சிஸ்டர்" என்று ரூபினாவிடமே கேட்டான். சட்டத்தை இறக்கி, நான்கு புஷ்ஷையும் பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்றி, திரும்ப மாட்டியது தவ்ஃபீக். ஓட்டிப் பார்க்க அருள்நாதன் கூப்பிட்டது ரூபினாவை. இரண்டே சீட். திருவொற்றியூர் வரை போய்த் திரும்பினார்கள். அந்த அரைமணி நேரமும் தவ்ஃபீக் ஷெட் வாசலிலேயே நின்றான்.

வண்டி போன பிறகு அவளிடம் சொன்னான். "அன்னிக்கி நான் பொய் சொன்னேன்."

"தெரியும். டார்ச்சு வெளிச்சம் பின்னாடி செவுத்துல ஆடிகினு இருந்துச்சு. கிளட்ச்ச விட்டதும் ஒரே எடத்துல நின்னுடுச்சு. வண்டி கண்ணாடில பார்த்தேன், நீங்க எதையோ கண்டுட்டீங்கன்னு புரிஞ்சிச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு, "அந்தாளு செத்திருந்தா நானும்தான் காரணம்," என்றாள்.

அப்போதும் உள்ளே ஒரு மூலையில், வண்டி எப்படி ஓடியது என்று அவளுக்குத்தான் தெரியும், தனக்குத் தெரியாது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வெட்கத்தோடு கேட்டான்.

"எப்டி ஓடுச்சு?"

ரூபினா சொல்ல ஆரம்பித்தாள்.